இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு...

மதுரையில் அப்பா, அம்மா இருவருமே வேலைக்குப் போகும் வீடுகளில் காலை ஏழு முதல் எட்டரை வரைதான் திண்டாட்டம். டிபன், டப்பா, ஸ்கூல் வேன், பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

1. பிள்ளை அரசுப் பள்ளியில் 1 முதல் 5-ம் வகுப்புக்குள் படித்தால், காலை உணவை அங்கேயே சாப்பிடச் சொல்லுங்கள். முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது; 2025 ஆகஸ்ட் முதல் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் உண்டு. வீட்டில் ஒரு வேளை அடுப்பு வேலை மிச்சம். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

2. ஞாயிறு விடிந்ததும் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய்விடுங்கள்; நல்ல காய் சீக்கிரம் தீர்ந்துவிடும். கீரையை அன்றே சமையுங்கள், சேனையும் பூசணியும் வாரக் கடைசிவரை தாங்கும்.

3. டப்பா கட்டுவது அப்பாவின் வேலை என்று எழுதி ஒட்டுங்கள். ‘கூடமாட உதவி’ என்றால் நாலாம் நாள் நின்றுபோகும்.

4. அலுவலகத்தில் 50 பேரோ, அதற்கு மேலோ இருந்தால், குழந்தைகள் காப்பக வசதியைக் கேட்டு வாங்குங்கள். மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. தாய் தினமும் நான்கு முறை போய்ப் பார்க்கலாம்.

5. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் யார் லீவு போடுவது என்பதைப் பங்குனியிலேயே முடிவு செய்யுங்கள். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டாலும், தனியார் கம்பெனி விடும் என்று நம்ப முடியாது.