சிரிச்சா பயம் போகும், காயம் போகாது

இந்த மாதப் பாடம்: வீட்டுத் தொழிலில் ஏற்படும் காயங்கள்



விம்கோ நகருக்குப் பெயர் வந்ததே தீப்பெட்டித் தொழிற்சாலையால்தான். தொழிற்சாலையில் அடிபட்டால் எழுதி வைக்க பதிவேடு உண்டு. வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் நமக்கு? "விரலையும் சேர்த்து தைச்சிட்டேன்"னு சொல்லி எல்லாரும் சிரிக்கிறோம். சிரிப்பது தப்பில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு உடனே மெஷினை மிதிப்பதுதான் தப்பு. விரல் வீங்கி ஒரு வாரம் உட்கார்ந்தால் பிளவுஸ் ஆர்டரும் போச்சு, கடன் தவணையும் நிற்கும்.

என்ன செய்ய வேண்டும்?

1. ஊசி உடைந்தால் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். முனை காணவில்லை என்றால் விரலுக்குள் இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

2. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காபித்தூள், மண்ணெண்ணெய் வேண்டாம்.

3. "துருப்பிடிக்காத ஊசிதானே" என்று விடாதீர்கள். டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணிலும் தூசியிலும் உள்ள கிருமியால் வருகிறது. ஆழமான சின்னத் துளையே போதும். கடைசியாகத் தடுப்பூசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

4. சூடான மெழுகு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் தடவாதீர்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

போன மாதம் யாருக்கு என்ன காயம்? நோட்டில் எழுதுங்கள். ஒரே மாதிரி காயம் இரண்டு பேருக்கு வந்திருந்தால் அதை 'கவனக்குறைவு' என்று சொல்லி விடாதீர்கள். வெளிச்சம் போதுமா, ஊசிக்கு முன்னால் விரல் தடுப்புக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சேர்ந்து சிரிப்போம்.