வெயிலே படாத இடத்தில் காற்று வீசுமா?

கேள்வி: பழுப்புக் குள்ளன்களில் மேகமும் புயலும் உண்டு என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள். பூமியில் காற்று வீச வெயில் வேண்டும். சூரியனே இல்லாமல் தனியாகத் திரியும் பொருளில் காற்று எங்கிருந்து வரும்?

பதில்: சரியான இடத்தில்தான் இடறியிருக்கிறீர்கள். பழுப்புக் குள்ளன் என்பது நட்சத்திரமாகப் புறப்பட்டு, எடை போதாமல் பாதியில் நின்றுபோனது. உருவானபோது சேர்ந்த சூடு உள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும். அது எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கசிந்தால் காற்றுக்கு வேலையில்லை. அந்தச் சீரைக் குலைப்பது மேகம்.

மேகம் மூடிய இரவில் நமக்குப் புழுங்கும். வானம் தெளிந்த இரவில் பனி இறங்கும். அங்கேயும் அதே கதைதான். மேகம் தடித்த இடத்தில் சூடு தேங்குகிறது, காற்று மேலெழுகிறது, கூடவே புதிய மேகத்துக்கான சரக்கையும் தூக்கி வருகிறது. மேகம் விலகிய இடத்தில் காற்று சூட்டை வெளியே விட்டுக் குளிர்ந்து கீழிறங்குகிறது. ஆய்வாளர்கள் ஷியான்யூ டானும் ஆடம் ஷோமனும் 2021-ல் வெளியிட்ட கணினி மாதிரிகளில் காற்றைக் கிளப்புவது இந்த வேறுபாடுதான். வேகமாகச் சுழலும் குள்ளனில் புயல்கள் சிறுத்துப்போகின்றன. மேகம் நடுக்கோட்டில் தடித்தும் துருவங்களில் மெலிந்தும் நிற்கிறது.

மேகம் என்றதும் தண்ணீரை நினைக்காதீர்கள். சூடான குள்ளன்களில் அது மணலுக்கு உறவான சிலிகேட் துகள், இரும்பு. குளிரக் குளிர சல்ஃபைடு, உப்பு. 2014-ல் வானியலாளர் கெவின் லூமன் அறிவித்த வைஸ் 0855 என்ற குள்ளன் சுமார் ஏழரை ஒளியாண்டு தொலைவில், நம் குளிர்பெட்டியோடு போட்டி போடும் குளிரில் இருக்கிறது. அங்கேதான் பனிக்கட்டி மேகம் இருக்கலாம் என்று சந்தேகம்.

கணினிக் காற்றை நம்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். காற்றை உண்மையாகவே அளந்திருக்கிறார்கள், 2020-ல், வேறொரு குள்ளனில். அதன் உட்புறம் சுழலும் நேரத்தை ரேடியோ அலை காட்டியது. மேகங்கள் சுற்றிவரும் நேரத்தை அகச்சிவப்பு ஒளி காட்டியது. இரண்டுமே சுமார் ஒன்றே முக்கால் மணி. ஆனால் மேகங்கள் ஏறக்குறைய ஒரு நிமிடம் முந்திக்கொள்கின்றன! அந்த ஒரு நிமிடத்தைக் கணக்குப் போட்டால், கிழக்கு நோக்கி நொடிக்கு 650 மீட்டர் காற்று. பிழை வரம்பு 300 மீட்டருக்கு மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு உறுத்துவது மேகத் துகள்களின் அளவு. பல மாதிரிகளில் அது கணக்கில் விளைவதில்லை. ஆய்வாளரே ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார். அதை மாற்றினால் மேகத்தின் தடிமனும் மாறும், காற்றும் மாறும்.