வண்டி ஏன் கவிழ்கிறது?

தில்லி, கொல்கத்தா நகரங்களில் மூன்று சக்கரச் சைக்கிள் வண்டிகள் ஓடுகின்றன. காய்கறி, மூட்டை, சிலிண்டர் எல்லாம் அவற்றில் போகும். வண்டி நின்றால் விழாது. வேகமாகத் திரும்பினால் கவிழும். சரக்கு பாழாகும். கை கால் முறியும். அன்றைய கூலியும் போகும்.

ஏன் கவிழ்கிறது? பஸ் இடது பக்கம் திரும்புகிறது. நம் உடம்பு வலது பக்கம் சாய்கிறது. சுமையும் அப்படித்தான் தள்ளும். சுமை உயர்ந்தால் ஆபத்தும் அதிகம்.

சைக்கிளில் போகிறவர் என்ன செய்கிறார்? திரும்பும் பக்கமே சாய்கிறார். அதனால் விழுவதில்லை. மூன்று சக்கர வண்டியையும் அப்படிச் சாய வைக்கலாம்.

எப்படிச் செய்வது?

பழைய சைக்கிளின் பின்பாதி அப்படியே இருக்கட்டும். பெடல், செயினை மாற்ற வேண்டாம். முன்னால் இரண்டு சக்கரம் வேண்டும். இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பி இணைக்கும். கம்பியின் நடுவில் தராசு முனை போல ஓர் ஆணி. அந்த ஆணியில் வண்டி இருபக்கமும் சாயும். சக்கரங்கள் தரையிலேயே இருக்கும். பெட்டியை வண்டிச் சட்டத்தில் தாழ்வாகப் பொருத்த வேண்டும். அப்போதுதான் சுமையும் சேர்ந்து சாயும். ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரங்கள் சேர்ந்து திரும்ப வேண்டும். இரண்டிலும் பிரேக் வேண்டும். வெல்டிங் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

எச்சரிக்கை: இந்த வண்டி நிற்கும்போது சைக்கிள் போலச் சாய்ந்து விழும். சாயாமல் பிடிக்க ஒரு பூட்டு வேண்டும். புறப்படும்போது பூட்டை எடுக்க வேண்டும். முதலில் சுமை இல்லாமல், காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள்.

பதில் சொல்லுங்கள்:
1. சுமையை ஏன் தாழ்வாக வைக்க வேண்டும்?
2. வண்டி நிற்கும்போது பூட்டு எதற்கு?