சாலைக் கடைவீதியில் இருவகைப் பால்: விலை ஒப்பீட்டில் புள்ளியியல்

திருவனந்தபுரத்தின் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைவீதி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருப்பெற்றது. அரிசியும் மிளகும் வெல்லமும் பாத்திரமும் பூவும் அருகருகே விற்கும் இவ்வீதியில் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வருகின்றனர். தமிழும் மலையாளமும் கலந்தே பேரம் நடக்கிறது. விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இங்கு வரும் நுகர்வோருக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயினும், ஒப்பிடுவது வேறு. ஒப்பீட்டிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது வேறு. இயற்கை வேளாண் முறையில் பெறப்பட்ட பாலுக்கும் வழக்கமான பாலுக்கும் இடையேயான விலை வேறுபாட்டை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

பால் எளிய பொருளாகத் தோன்றலாம். ஆனால் இந்தியக் குடும்பச் செலவில் அதன் இடம் சிறிதன்று. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண் தொடரில், பாலுக்கும் பால் பொருள்களுக்கும் சேர்த்து 6.61 விழுக்காடு எடை அளிக்கப்பட்டது. எனவே, “இயற்கை முறைப் பால் இத்தனை ரூபாய் கூடுதல்” என்று கூறும் ஓர் எண், குழந்தைகள் உள்ள குடும்பத்தின் மாதச் செலவையும், இரண்டு பசுக்களை வைத்திருக்கும் உழவர் புதிய முறைக்கு மாறுவதா வேண்டாமா என்னும் முடிவையும் ஒருங்கே பாதிக்கக் கூடியது.

எதை எதனோடு ஒப்பிடுவது?

முதற்கண், ‘இயற்கை முறை’ என்னும் சொல்லுக்கு வரையறை வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு இயற்கை உணவு ஒழுங்குமுறைகளின்படி, இப்பெயரில் விற்கப்படும் பொருள், தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் கீழோ, பங்கேற்பு உத்தரவாத முறையின் கீழோ சான்று பெற்றிருக்க வேண்டும். ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் உறையில் இருத்தல் வேண்டும். நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உற்பத்தியாளர்க்கு விலக்கு உண்டு. ‘நாட்டுப் பசும்பால்’, ‘பண்ணைப் பால்’, ‘ஏ2 பால்’ ஆகியவை வேறு. ஏ2 என்பது பாலிலுள்ள ஒருவகைப் புரதத்தைக் குறிப்பது. மாடு உண்ட தீவனத்தைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. உறைகளிலிருந்து ஏ1, ஏ2 குறிப்புகளை நீக்குமாறு 2024 ஆகஸ்டு 21-இல் ஆணையம் பணித்ததும், ஐந்தே நாளில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டதும் வாசகர் நினைவில் இருக்கலாம். உறையில் பசும்புல் படம் இருப்பதை மட்டும் கண்டு ‘இயற்கை’ப் பட்டியலில் சேர்க்கும் ஆய்வாளர், தொடக்கத்திலேயே தவறிவிடுகிறார்.

அடுத்தது கொழுப்பு. சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடும், நிலைப்படுத்திய பாலில் 4.5 விழுக்காடும், நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடும் கொழுப்பு இருத்தல் வேண்டும் என்பது விதி. கொழுப்பு விலையுள்ள பொருள். கூட்டுறவுச் சங்கத்தில் உழவர்க்கு விலை கணக்கிடுவதே கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் கொண்டுதான். சமன்படுத்திய வழக்கமான பாலை நிறைகொழுப்பு இயற்கைப் பாலோடு ஒப்பிட்டால், வேறுபாட்டின் ஒரு பகுதி கொழுப்பின் விலையே அன்றி இயற்கை முறையின் விலையன்று. கண்ணாடிப் புட்டி, வீட்டிற்கே கொண்டு தரும் கட்டணம், உறையிலுள்ள அளவு ஆகியவையும் இவ்வாறே. உயர் வெப்பத்தில் பதப்படுத்திய நீடித்த பாலுக்கு 2025 செப்டம்பர் 22-க்கு முன் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி இருந்தது. புதிய பாலுக்கு அது இல்லை. அந்நாளுக்கு முந்திய விலைகளைப் பயன்படுத்துவோர் இதனையும் கழித்துப் பார்த்தல் வேண்டும்.

முப்பது கடையும் ஒரே விலையும்

சாலையில் முப்பது கடைகளில் ஏறி இறங்கி, முப்பது இடத்திலும் மில்மா பாலின் விலையைக் குறித்துக்கொண்டவர் தம்மிடம் முப்பது விவரங்கள் இருப்பதாக எண்ணுவார். உண்மையில் அவரிடம் இருப்பது ஒன்றே. ‘ஆபரேஷன் ஃபிளட்’ எனப்பட்ட பால்வளப் பெருக்கத் திட்டத்தையொட்டி 1980-இல் தோன்றிய கேரளக் கூட்டுறவுப் பால் விற்பனை இணையம் தன் விலையை மாநிலம் முழுமைக்கும் அறிவிக்கிறது. 2022 டிசம்பர் 1 முதல் லிட்டருக்கு 6 ரூபாய் உயர்ந்தபோது, சாலையிலும் காசர்கோட்டிலும் ஒரே நாளில் உயர்ந்தது. தனியார் பாலுக்கும் உறையில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டுள்ளது. கத்தரிக்காய் விலை கடைக்குக் கடை மாறும். பால் விலை மாறுவதில்லை. ஆகவே இவ்வாய்வில் மாதிரியின் அலகு கடையன்று. நிறுவனமும் பால் வகையுமே.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். பின்வரும் எண்கள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. சாலையின் விலைகள் அல்ல. ஒரே கொழுப்பு அளவும் ஒரே வகை உறையும் உடைய பால்களை இணை சேர்த்து, ஆறு இணைகள் கிடைத்தன என்க. வழக்கமான பாலின் விலை லிட்டருக்கு 52, 56, 60, 66, 62, 70 ரூபாய். அதே வரிசையில் இயற்கைப் பாலின் விலை 82, 94, 86, 110, 96, 108 ரூபாய். இணைதோறும் வேறுபாடு 30, 38, 26, 44, 34, 38. இவற்றின் சராசரி 35 ரூபாய். திட்ட விலக்கம் ஏறத்தாழ 6.42, அதனை ஆறின் வர்க்கமூலத்தால் வகுக்கக் கிடைக்கும் திட்டப் பிழை 2.62.

டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணிபுரிந்த கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்னும் புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட முறை இத்தகைய சிறு மாதிரிகளுக்காகவே அமைந்தது. கட்டின்மைக் கூறு 5 ஆகும்போது 95 விழுக்காட்டு நம்பிக்கைக்கான டி-மதிப்பு 2.571. எனவே உண்மையான சராசரி வேறுபாடு சுமார் 28-க்கும் 42-க்கும் இடையே இருக்கலாம். 35-ஐத் திட்டப் பிழையால் வகுத்தால் 13-க்கு மேற்பட்ட மதிப்புக் கிடைக்கிறது. வேறுபாடே இல்லை என்னும் இன்மை எடுகோள் நிற்காது.

இதே பன்னிரண்டு விலைகளை இணை சேர்க்காமல் இரு தனிக் குழுக்களாகக் கொண்டால் திட்டப் பிழை 5.34 ஆக இருமடங்காகும். இடைவெளி 23 முதல் 47 வரை விரியும். கொழுப்பினால் வரும் ஏற்றத்தாழ்வு இயற்கை முறையின் விளைவோடு கலந்துவிடுவதே காரணம். மாறாக, ஆறு இணைகளின் விலையைப் பத்துப் பத்துக் கடைகளில் குறித்து அறுபது இணைகள் எனக் கணக்கிட்டால், இடைவெளி 33.5 முதல் 36.5 வரை சுருங்கிவிடும். புதிய செய்தி ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய செய்தி பத்து முறை படியெடுக்கப்பட்டது, அவ்வளவே. அட்டவணையில் இது மிக அழகாகத் தோன்றும் என்பதே இதன் கேடு.

இணை சேர்ப்பதையே கைவிட்டு, 52 ரூபாய்ச் சமன்படுத்திய பாலை 108 ரூபாய் நிறைகொழுப்பு இயற்கைப் பாலின் எதிரே நிறுத்தினால் வேறுபாடு 56 ரூபாய். நிறைகொழுப்பு வழக்கமான பால் 70 ரூபாய் என்பதால், இதில் 18 ரூபாய் கொழுப்புக்கு உரியது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தவறான தலைப்பில் எழுதப்பட்டிருக்கும். இணைகள் போதிய அளவில் கிடைக்காதபோது கொழுப்பு, உறை, அளவு, சான்று ஆகியவற்றைத் தனித்தனி மாறிகளாகக் கொண்ட தொடர்புப்போக்குச் சமன்பாடு உதவும். மேனாடுகளில் இம்முறை நன்கு வேரூன்றியுள்ளது. அங்கு ‘இயற்கை’ என்பதன் எல்லையும் திட்டமானது: அமெரிக்காவில் 2010-இல் வந்த விதிப்படி, கறவைகள் ஆண்டுக்குக் குறைந்தது 120 நாட்கள் மேய்ச்சலில் இருத்தல் வேண்டும்; அப்பருவத்தில் உலர்நிலைத் தீவனத்தில் 30 விழுக்காடு மேய்ச்சலிலிருந்தே வர வேண்டும். கேரளத்தின் சிறு நிலவுடைமையில் அவ்வாறான மேய்ச்சலை எதிர்பார்க்க இயலாது.

விலைகள் மேல்நோக்கிச் சரிந்து பரவியிருப்பின், ரூபாய் வேறுபாட்டை விட விகிதமே பொருத்தமானது. மடக்கை எடுத்துப் பெருக்குச் சராசரி காண்பது நன்று. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் 2012 தொடரிலும் அடிநிலைக் கணக்கீட்டிற்குப் பெருக்குச் சராசரியே கொள்ளப்பட்டது.

இனி உழவரின் பக்கம். இடைவெளியின் மேல் எல்லையைக் கடைக்காரர் பேசலாம். மாற நினைக்கும் உழவர் கீழ் எல்லையையே நோக்க வேண்டும். ஆண்டுப் பயிர் நிலத்திற்கு இரண்டு ஆண்டுகள், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டுகள் எனத் தேசியத் திட்டம் மாறுகாலம் விதிக்கிறது. கேரளத்தில் பெருமளவு வெளியிலிருந்து வரும் தீவனத்திற்கும் சான்று வேண்டும். அக்காலத்தில் செலவு கூடும். விற்பனையோ பழைய விலையிலேயே நடக்கும். மேலும், சில்லறை விலையின் 28 ரூபாய் உழவர் கையில் 28 ரூபாயாக வந்து சேர்வதில்லை. 2022-இன் 6 ரூபாய் உயர்வில் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலான பகுதி உற்பத்தியாளர்க்கென அறிவிக்கப்பட்டது. கூட்டுறவு அமைப்பில் அப்பங்கினைக் கணக்கிட்டுச் சொல்ல முடிகிறது. புட்டியில் வீடு தேடி வரும் இயற்கைப் பாலின் கூடுதல் விலையில் கொள்முதலுக்குச் செல்வது எவ்வளவு என்பதைக் கடைவீதியில் நின்று அறிய முடியாது. அதற்குரிய விலைப் பட்டியல் பண்ணை வாயிலில் தயாரிக்கப்பட வேண்டும், அதுவும் அதே கிழமையில், அதே கொழுப்பு அளவுக்கு.