துணிக்கடை வீதியிலிருந்து ஒரு கடிதம்

தங்காக், ஜொகூர்.

சிரஞ்சீவி பேரனுக்குத் தாத்தாவின் ஆசீர்வாதம்.

நாடு நலிவிலிருந்து மீளவேண்டிய காலத்தில், வியாபாரிகள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு அழிவதைவிட, ஒன்றுகூடி விலையை நிலைநிறுத்திக்கொள்வதே ஸ்திரத்துக்கு வழியல்லவா என்று கேட்டிருந்தாய். யோசனை புதிதன்று, நம் ரப்பர்க் காட்டிலேயே அது ஒருமுறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டதுதான்.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் ரப்பர் விலை சரிந்தபோது, பிரிட்டிஷ் சர்க்கார் 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரால் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டிற்று. சரக்குச் சுருங்கவே, 1925-இல் விலை பன்மடங்கு ஏறிற்று. ஆனால் அந்தக் கட்டுக்குள் வராத டச்சுத் தீவுகளின் சிறு விவசாயிகள், ஏறிய விலையைக் கண்டு தங்கள் மரங்களைப் பெருக்கினர். பெருமளவில் ரப்பர் வாங்கிவந்த அமெரிக்கர்களில் ஃபயர்ஸ்டோன் லைபீரியாவிலும், ஃபோர்டு பிரேசிலிலும் சொந்தத் தோட்டம் போடப் புறப்பட்டனர். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு தொடங்கிய உலகப் பெருமந்தம் அதனால் விளைந்ததன்று. ஆயினும், நம்மவர் பல்லாயிரவர் வேலையிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய அந்நாளில், முன்பு செயற்கையாய் ஏற்றிய விலை எவருக்கும் அரணாக நிற்கவில்லை.

வியாபாரிகள் அப்படிக் கூடி விலை பேசுவதையே இன்று தடுக்கும் இந்நாட்டின் போட்டிச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2012 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயா வட்டாரத்து ஐஸ் உற்பத்தியாளர்கள், 2014 பிறக்கும்போது மூட்டைக்கு 50 காசு ஏற்றுவதென்று தமக்குள் பேசிக்கொண்டதற்காக, 24 நிறுவனங்கள்மீது போட்டி ஆணையம் மொத்தம் 252,250 வெள்ளி அபராதம் விதித்தது. ஐம்பது காசு அற்பமாகத் தோன்றலாம். பானக்கடைக்காரனும் மீன்காரனும் வேறெங்கும் போக வழியில்லாமல் அதைச் சுமக்கும்போதுதான் அதன் பாரம் தெரியும். பெரிய முதலாளி தன் பலத்தைத் துஷ்பிரயோகம் செய்து சிறு கடையை நசுக்குவதையும் இதே சட்டம் தடுக்கிறது.

நம் ஊர்த் துணிக்கடைகளைப் பார். அடுத்தடுத்து நின்று ஒன்றின் வாடிக்கையை ஒன்று இழுக்கின்றன. பக்கத்துக் கடை திறந்திருக்கிறது என்ற தைரியத்தினாலன்றோ வெளியூர் ஜனங்கள் துணி எடுக்க இவ்வூரைத் தேடி வருகிறார்கள்!

படிப்பு முடிந்து நீ வியாபாரத்தில் இறங்கினால், பக்கத்துக் கடைக்காரரோடு தாராளமாகத் தேநீர் அருந்து. விலையைப் பற்றி மட்டும் பேசாதே.

இப்படிக்கு,
தாத்தா