மழைக்குக் கணக்குப் போட்ட பொறிகள்

தருமபுரி மாவட்டத்தில் வானம் பார்த்த பூமி மிகுதி. பருவத்தில் நல்ல மழை விழுந்தால் கேழ்வரகு விதைக்கலாம். விழாவிட்டால் விதை மூட்டை வீட்டிலேயே கிடக்கும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்களின் பிழைப்போ நம் ஊர் மழையை மட்டும் பொறுத்ததன்று. தொலைவில் குடகு மலையில் கனமழை கொட்டினால் சில நாள்களில் இங்கே வெள்ளம் வரும்; பரிசல் ஓட்டத் தடை விழும். ஆகவே, "மழை எங்கே, எப்போது, எவ்வளவு?" என்பது வெறும் பாடக் கேள்வியன்று; பலருக்கு அது வயிற்றுக் கேள்வி.

இக்கேள்விக்கு விடை காணக் கணக்கு உண்டு. காற்றின் இயக்கம், வெப்பம், அழுத்தம், ஈரம் இவற்றை இணைக்கும் சமன்பாடுகள் இயற்பியலில் நெடுங்காலமாகத் தெரிந்தவையே. இங்கிலாந்து நாட்டு அறிவியலறிஞர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் முதல் உலகப் போரில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். ஓய்வு நேரத்தில் அவர் காகிதமும் பென்சிலும் கொண்டு ஆறு மணி நேர வானிலையைக் கணக்கிட முயன்றார். கணக்குப் போட ஆறு வாரம் ஆயிற்று. விடையும் தவறிப்போயிற்று! ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1922-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு கற்பனை மண்டபத்தை விவரித்தார். அதில் 64,000 பேர் அமர்ந்து, உலகின் பகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு கணக்குப் போடுகின்றனர். பக்கத்தில் இருப்பவருக்கு விடையைக் காட்டுகின்றனர். இந்த மண்டபத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

வானிலைக் கணக்கு ஏன் இவ்வளவு பெரிது? நாட்டின் வரைபடத்தின் மேல் சதுரக் கட்டங்கள் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தின் பக்கம் 150 கிலோமீட்டர் என்றால் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மூன்றும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அரூரில் மழை, பாலக்கோட்டில் வெயில் என்ற வேறுபாடு அந்தக் கணக்கின் கண்ணுக்குத் தெரியாது. சரி, பக்கத்தைப் பாதியாக்குவோம். நீளத்தில் இருமடங்கு, அகலத்தில் இருமடங்கு. ஆகக் கட்டங்கள் நான்கு மடங்காகும். அத்துடன் முடிந்துவிடவில்லை. கட்டம் சிறிதாக இருந்தால் காற்று அதைக் கடக்கும் நேரமும் குறைகிறது. ஆகவே கணக்கையும் இருமடங்கு அடிக்கடி போட வேண்டும். மொத்தம் எட்டு மடங்கு வேலை! 150 கிலோமீட்டரை ஏறத்தாழ 19 கிலோமீட்டராகக் குறைக்க மூன்று முறை பாதியாக்க வேண்டும். 8×8×8, அதாவது 512 மடங்கு வேலை. அதையும் நாளைய மழை பெய்து முடிவதற்குள் செய்தாக வேண்டும்.

இத்தகைய கணக்குகளுக்காகத் தோன்றியவையே மீத்திறன் கணிப்பொறிகள் எனப்படும் சூப்பர் கம்ப்யூட்டர்கள்.

இத்துறையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் செய்மூர் கிரே. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் சிப்பேவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் 1925-இல் பிறந்தவர். தலைமை அலுவலகத்தின் சந்தடி பிடிக்காமல், தம் சொந்த ஊரிலேயே ஆய்வுக்கூடம் அமைக்கச் செய்து, சிலரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். 1964-இல் வெளிவந்த சி.டி.சி. 6600 என்ற அவருடைய பொறி நொடிக்கு ஏறத்தாழ 30 இலட்சம் தசமக் கணக்குகளைச் செய்தது. அன்று உலகிலேயே விரைவானது அதுதான். ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் வாட்சன் திகைத்துப் போனார். வாயிற்காவலரையும் சேர்த்து 34 பேர் மட்டுமே உள்ள ஒரு கூடம், தம் பெரிய நிறுவனத்தை எப்படி முந்தியது என்று கேட்டுத் தம் அலுவலர்களுக்குக் குறிப்பு எழுதினார்.

கிரேயின் அடுத்த பெரும் படைப்பு 1976-இல் வந்த கிரே-1. மேலிருந்து பார்த்தால் 'சி' என்ற ஆங்கில எழுத்தைப் போல் வளைந்திருக்கும். அழகுக்காக அப்படிச் செய்ததாக நினைக்க வேண்டாம். அந்தப் பொறியின் ஒரு துடிப்பு 12.5 நானோ நொடி. அதாவது ஒரு நொடியின் 8 கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 3.75 மீட்டர் தூரம்தான் செல்லும். கம்பியில் செல்லும் மின்குறி அதனினும் மெதுவானது. கம்பி நீளமானால் குறி போய்ச் சேருமுன் அடுத்த துடிப்பு வந்துவிடும்! எனவே எந்தக் கம்பியும் சுமார் நான்கு அடிக்கு மேல் போகாதபடி பொறியை வளைத்துக் கட்டினார்கள். உள்ளே கம்பிகளைக் கையாலேயே பொருத்தினார்கள். மின்சுற்றுகளை நெருக்கி வைத்ததால் வெப்பம் பொங்கியது; ஃபிரியான் என்ற குளிர்பொருளைக் குழாய்களில் ஓடவிட்டு அதைத் தணித்தார்கள். கிரேயின் திறமை கணிதத்தில் இருந்த அளவுக்குக் குழாய் வேலையிலும் இருந்தது என்றால் மிகையன்று.

ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. ஒளியின் வேகத்தை எந்தப் பொறியாளரும் கூட்ட முடியாது. கம்பியையும் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. அப்படியானால் என்ன செய்வது?

கேழ்வரகுக் கொல்லையில் களை எடுப்பதைப் பாருங்கள். கைதேர்ந்த ஒருவர் பத்து மணி நேரத்தில் முடிக்கும் வேலையைப் பத்துப் பேர் ஆளுக்கொரு சாலாகப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். பத்துப் பேரும் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டால் போதும். கணிப்பொறியிலும் விலையுயர்ந்த ஒரே செயலிக்குப் பதிலாக மலிவான பல செயலிகளை இணைத்து வேலையைப் பங்கிடலாம். இதற்கு இணைக் கணிப்பு என்று பெயர். ரிச்சர்ட்சனின் மண்டபம் நினைவிருக்கிறதல்லவா? அதேதான்.

இதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. எல்லா வேலையையும் பங்கிட முடியாது என்பது ஒன்று. நூறு நிமிட வேலையில் ஐந்து நிமிடம் ஒருவரே செய்ய வேண்டியது என்று கொள்வோம். மீதி 95 நிமிடத்தைப் பத்துச் செயலிகள் பங்கிட்டால் 9.5 நிமிடம்; மொத்தம் 14.5 நிமிடம். பத்து மடங்கு வேகம் கிடைக்கவில்லை. ஏழு மடங்குகூட முழுதாக இல்லை. நூறு செயலிகள் போட்டாலும் 5.95 நிமிடம், அதாவது சுமார் 17 மடங்கு. ஆயிரம் போட்டாலும் அந்த ஐந்து நிமிடம் அப்படியே நிற்கும். 20 மடங்கைத் தாண்டவே முடியாது. இதை 1967-இல் ஜீன் அம்டால் என்ற பொறியாளர் எடுத்துக்காட்டினார். இரண்டாவது சிக்கல், பேச்சு. களை எடுப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசாமலே வேலையை முடிக்கலாம். மேகம் அப்படியன்று, என் கட்டத்தை விட்டு உங்கள் கட்டத்துக்குள் நுழையும். எனவே ஒவ்வொரு படியிலும் செயலிகள் பக்கத்துச் செயலியிடம் விடையைக் கேட்டு வாங்க வேண்டும். பேசுவதிலேயே நேரம் போய்விட்டால் ஆள் கூடியும் பயனில்லை.

இந்தச் சிக்கல்களோடு மல்லுக்கட்டிய முதல் இந்தியக் கூடங்களில் ஒன்று தருமபுரிக்கு அருகிலேயே இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளிப் பொறியியல் ஆய்வகத்தில், ரொத்தம் நரசிம்மா இயக்குநராக இருந்தபோது, யு. என். சின்ஹாவும் அவருடைய குழுவினரும் 1986-இல் 'ஃபிளோசால்வர்' என்ற இணைக் கணிப்பொறியை அமைத்தனர். விமான இறக்கையைச் சுற்றிக் காற்று பாயும் விதத்தைக் கணக்கிடுவதே அதன் முதல் நோக்கம். பாய்வுக் கணக்கைத் தீர்ப்பது என்பதே பெயரின் பொருள். அதில் இருந்தவை நான்கே நான்கு செயலிகள். அவையும் இன்டெல் 8086 என்ற, கடையில் கிடைக்கும் சில்லுகள். தசமக் கணக்குக்கு 8087 என்ற துணைச் சில்லு. கிரே-1-க்கு முன்னால் இது மாட்டுவண்டிதான். ஆனால் வேலையைப் பங்கிடவும் பேச்சைக் குறைக்கவும் நம் பொறியாளர்கள் கற்றுக்கொண்டது இந்த வண்டியில்தான். இறக்கையைச் சுற்றி ஓடுவதும் காற்று, பருவமழையைக் கொண்டுவருவதும் காற்று. ஆகவே இவ்வரிசையில் பின்னால் வந்த பொறிகள் பருவமழைக் கணக்குகளுக்கும் பயன்பட்டன.

இதே ஆண்டுகளில் இந்திய அரசு அமெரிக்காவிடம் கிரே பொறி ஒன்றை வாங்க முயன்றது. அணு ஆயுதம், ஏவுகணை ஆகியவற்றின் கணக்குகளுக்கும் அது பயன்படக்கூடும் என்று அமெரிக்கா தயங்கியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் கேட்ட பொறி கிடைக்கவில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு, வானிலைக்கென்று மட்டும், கடுமையான நிபந்தனைகளோடு, 'கிரே எக்ஸ்-எம்.பி. 14' என்ற சிறிய வகை புதுதில்லிக்கு வந்தது. 1989 முதல் அது நடுத்தர கால வானிலை முன்னறிவிப்புக்கான தேசிய மையத்தில் இயங்கிற்று. பெயரிலுள்ள 1 என்பது ஒரே செயலியையும், 4 என்பது 40 இலட்சம் சொற்கள் கொள்ளும் நினைவகத்தையும் குறிக்கும்.

இதற்கிடையே 1988-இல் புனே நகரில் உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையம், அதாவது சி-டாக், தொடங்கப்பட்டது. தலைமை ஏற்றவர் விஜய் பட்கர். மகாராட்டிரத்தின் அகோலா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1946-இல் பிறந்தவர். அதற்கு முன் திருவனந்தபுரத்தில் மின்னணு ஆய்வு மையம் ஒன்றை நடத்தியவர். மூன்று ஆண்டு, சுமார் 30 கோடி ரூபாய் என்பது அவருக்கு விதிக்கப்பட்ட எல்லை. கிரேயைப் போல் தனிச் செயலி செய்ய இந்த நேரமும் பணமும் போதா. எனவே அவர்களும் இணை வழியையே எடுத்தனர்.

செயலிக்கு அவர்கள் தேர்ந்தது இங்கிலாந்தின் இன்மாஸ் நிறுவனம் செய்த 'டிரான்ஸ்ப்யூட்டர்' என்ற சில்லு. அது விசித்திரமான சில்லு. கணக்குப் போடும் பகுதியோடு, பக்கத்துச் சில்லுகளோடு பேச நான்கு இணைப்புகளும் அதற்குள்ளேயே இருந்தன. கட்டத்தில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு அண்டை வீட்டார் இருப்பது போல! மேலே சொன்ன இரண்டாவது சிக்கலுக்கு இது நல்ல மருந்து. இவ்வாறு 1991-இல் 'பரம் 8000' வெளிவந்தது. 64 கணுக்களோடு அமைத்து, வேண்டுமானால் 256 வரை பெருக்கலாம். 256-இல் உச்ச வேகம் நொடிக்கு 100 கோடிக் கணக்குகள். உச்ச வேகம் என்ற சொல்லை மட்டும் கவனமாகப் படியுங்கள். பேருந்தின் வேகமானியில் 120 என்று எழுதியிருப்பதால் தொப்பூர்க் கணவாயில் அது 120-இல் ஓடிவிடாது. கணக்கின் தன்மைக்கு ஏற்ப உண்மை வேகம் அதைவிடக் குறைவாகவே அமையும்.

அமெரிக்கா மறுத்தது, நாம் வீம்புக்குப் 'பரம்' செய்தோம் என்று கதை சொல்வதுண்டு. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. மறுப்பு வேகத்தைக் கூட்டியது. ஆனால் ஃபிளோசால்வர் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. சில்லுகளோ வெளிநாட்டவை. நம்மவர் செய்தது இணைப்பும், அதை இயக்கும் நிரல்களும். அது சிறிய வேலையன்று. ஒரே செயலிக்கென்று எழுதப்பட்ட நிரலைப் பல செயலிகளுக்குப் பிரித்தெழுதுவது, சில்லுகளை அடுக்குவதைவிடப் பன்மடங்கு கடினம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 'அனுபம்', ஐதராபாத்தில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் செய்த 'பேஸ்' ஆகியவையும் இதே வழியில் வந்தவையே.

தமிழ்நாட்டிலும் இந்த வழி தொடர்ந்தது. 2004-இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தார் 144 கணிப்பொறிகளை இணைத்துக் 'கப்ரு' என்ற தொகுதியை அமைத்து, உலகின் முதல் 500 பொறிகளின் பட்டியலில் இடம் பிடித்தனர். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. உச்ச வேகம் 838 டெராஃபிளாப்ஸ். பரம் 8000-இன் 100 கோடியோடு ஒப்பிட்டால் 8 இலட்சம் மடங்குக்கு மேல். வானிலைக்கென்றே 2024-இல் புனேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்ற பொறிகள் வந்தன. 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறையில் கட்டத்தின் பக்கம் 6 கிலோமீட்டர். அரூரும் பாலக்கோடும் இப்போது தனித்தனிக் கட்டங்களில் இருக்கின்றன.

இனி வகுப்பில் ஒரு சோதனை. தரையில் 4×4 என்று 16 கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஒருவராக 16 பேர் நில்லுங்கள். ஒவ்வொருவரும் 20-க்கும் 40-க்கும் இடையே ஓர் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளட்டும்; அது அந்தக் கட்டத்தின் வெப்பநிலை. ஆசிரியர் மணி அடித்ததும், அண்டையில் நிற்பவர்களின் எண்களைக் கேட்டு, அவற்றின் சராசரியைத் தம் புதிய எண்ணாக எழுத வேண்டும். (ஓரத்தில் நிற்பவருக்கு மூன்று அண்டையர், மூலையில் நிற்பவருக்கு இருவர்.) அனைவரும் எழுதி முடித்த பிறகே அடுத்த மணி. இப்படி ஐந்து மணி. பிறகு அதே கணக்கை, அதே தொடக்க எண்களோடு, ஒருவர் மட்டும் கரும்பலகையில் போடட்டும். இரண்டு நேரங்களையும் கடிகாரத்தில் குறியுங்கள். 16 மடங்கு வித்தியாசம் இருக்கிறதா? இல்லையென்றால், 16 பேரும் ஆடியபோது கேட்பதற்கு எவ்வளவு நேரம், மெதுவாகக் கணக்குப் போடுபவருக்காகக் காத்திருந்தது எவ்வளவு நேரம் என்று பிரித்து எழுதிப் பாருங்கள்.