புகையும் பொறுப்பும்

நுழையும்முன்

தோல் தொழிலால் உலகச் சந்தையில் இடம்பெற்ற ஊர் ஆம்பூர். தோல் கழிவால் பாலாறு நிறம் மாறியதை அப்பகுதி மக்கள் கண்ணால் கண்டனர். வாகனப் புகையின் நஞ்சோ பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனைக் குறைக்கும் வழிகளையும் அதற்கான பொறுப்பையும் ஆராய்கிறது இப்பாடம்.

எளிமையும் அதன் விலையும்

பழைய ஆட்டோக்கள், இருசக்கர வாகனங்கள் பலவற்றின் இயந்திரங்கள் காற்றால் குளிர்பவை. 1955இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய புல்லட்டும் அவ்வகையே. உருளையைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளின்மீது காற்று பட்டு வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். அமைப்பு எளிது, செலவும் குறைவு.

ஆயினும், இவற்றின் வெப்பநிலை சீராக இருப்பதில்லை. சூட்டைத் தணிக்கப் பெட்ரோல் மிகுந்த கலவை செலுத்தப்படுகிறது. அது முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. இருவீச்சு இயந்திரத்திலோ கலவையின் ஒரு பகுதி எரியாமலே புகைப்போக்கியை அடைகிறது. பெட்ரோலுடன் கலந்த எண்ணெயும் எரிவதால் நீலப்புகை எழுகிறது. நீலப்புகையை நாம் காண்கிறோம்; நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடைக் காண்பதில்லை. குருதி ஆக்சிஜனைச் சுமந்து செல்வதைத் தடுப்பது அதுவே.

தீர்வுகள்

2000 மார்ச் 31 வரை தயாரிக்கப்பட்ட இரு, மூன்று சக்கர வாகனங்களின் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காட்டையும், பின்னர் வந்தவற்றில் 3.5 விழுக்காட்டையும் மீறலாகாது என வரம்பிடப்பட்டது. காற்று வடிகட்டியைத் தூய்மை செய்தல், கார்புரேட்டரில் கலவையைச் சீராக்குதல், தேய்ந்த ஸ்பார்க் பிளக்கை மாற்றுதல், எண்ணெயை அளவோடு கலத்தல், தகடுகளில் படிந்த சேற்றை அகற்றுதல் ஆகியன பழைய இயந்திரத்தின் மாசைக் குறைக்கும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளால், புதிய வாகனங்களில் மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை பரவலாயிற்று.

யார் பொறுப்பு?

தோல் ஆலைகளின் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் இரு நெறிகளை வலியுறுத்தியது: தீங்கு நேருமுன் காக்க வேண்டும், மாசுபடுத்துவோரே அதன் விலையை ஏற்க வேண்டும். அன்றாட வருவாயில் வாழும் ஆட்டோ ஓட்டுநருக்கு முதல் நெறி எளிது, பராமரிப்பே போதும். புதிய வண்டி வாங்கும் சுமையை அவர்மீது மட்டும் ஏற்றுவது அறமாகுமா? அவ்வண்டியில் பயணிப்போரும் அரசும் அச்சுமையைப் பகிர்வதே முறை. காற்று எல்லோர்க்கும் பொது. அதனைக் காக்கும் கடனும் பொது.

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதி வாகனப் பழுதுநீக்குநரிடம் உரையாடி, புகையைக் குறைக்கும் வழிமுறைகளைத் தொகுத்து வகுப்பறையில் பேசுக.